மாப்பிள்ளைக்குப் போட்ட கஷாயம்

ஏப்ரல் 1, 2020, புதன்

மாப்பிள்ளையின் காரை இன்று கழுவினேன். அவர் கழுவச் சொல்லவில்லை. ஊரடங்கில் எங்கும் போகாத கார் அழுக்காக வழியும் இல்லை. ஆனாலும் கழுவினேன். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால், போர்வைக்கு அடியில், ஒரு பிராந்திப் பெட்டி. பாதிக்கு மேல் காலி. மீதி, அவர் போகும் வேகத்துக்கு, பத்து நாள் ஓடும். கோட்டக் கலால் அலுவலராக ஓய்வு பெற்றவனுக்கு இந்த மதிப்பீடெல்லாம் மூச்சு விடுவது போல வந்துவிடும். போர்வையைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

மங்கைக்கு ஏழாம் மாதம். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மார்ச்சில் இருவரும் சென்னையிலிருந்து வந்தார்கள். எந்த மாப்பிள்ளையும் திண்டுக்கல்லில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்க நினைத்ததில்லை. இவருக்கு அரசாங்கமே நீட்டித்துக் கொடுத்துவிட்டது.

சிவநேசன் நல்ல பிள்ளை. அதிர்ந்து பேசமாட்டார். காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். முதலில் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

எங்கேயோ வார்னிஷ் குடித்து இறந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். மதுக்கடையை எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மருத்துவம் எழுதும் ஒரு பக்கத்தை இணையத்தில் படித்தேன். வருடக்கணக்காகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், பிரமை வரும், உயிரும் போகலாம். மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், இல்லையேல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டாக்டரிடம் காட்டலாம்தான். இந்த ஊரில் டாக்டரிடம் ஒன்றைச் சொல்வதும் தேர்த்திருவிழாவில் மைக் பிடிப்பதும் ஒன்று. அவருடைய கம்பவுண்டர் எங்களுக்குத் தூரத்து உறவு.

ஆகவே மற்ற வழி. பதவியில் இருந்தபோது நூற்றுக்கணக்கான சாராய ஊறல்களை ஓடையில் கவிழ்த்திருக்கிறேன். அவை எப்படிச் செய்யப்படுகின்றன என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இன்று முழுவதும் வெள்ளைக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்தேன். அங்கே இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காம். பேரனும் தாத்தாவும் சேர்ந்து செய்கிறார்கள். இங்கே ஜாமீன் கிடைக்காது.

ஏப்ரல் 3, வெள்ளி

தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு கூடை ஆப்பிள் வாங்கினேன்.

"என்ன சார், மொத்தமா எடுக்குறீங்க? சுகர் இருக்குன்னு போன தடவ கொய்யாக்காயே வேணாம்னீங்க?"

"மகள் மாசமா இருக்கா."

"அதுக்காக ஒரே நாள்ல பெத்துரப் போகுதா சார்?"

ஈஸ்ட்டுக்காக பேக்கரியின் பின்வாசலில் நின்றேன். வீட்டில் ரொட்டி செய்யப்போவதாகச் சொன்னேன். வந்து பார்த்தால், மங்கையிடமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு ரொட்டி செய்ய வேண்டியிருந்தது. சாயங்காலம் மூன்று பேரும் அதைச் சாப்பிட்டோம்.

"நல்லா இருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை.

"செங்கல் சூளை ஆரம்பிக்கலாம்பா," என்றாள் மங்கை.

ஆப்பிளைத் துருவி, பழைய வேட்டியில் பிழிந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, கண்ணாடி ஜாடியில் ஊற்றி இறுக மூடி, மாடி அறையில் வைத்தாயிற்று. மங்கையின் அம்மா போனதிலிருந்து பூட்டியே கிடக்கும் அறை. மங்கை படியேற மாட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஜாடியை இறுக மூடக் கூடாதாம். குறிப்பின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறார்கள். மேலே எழுதியிருக்கலாம்.

நல்லவேளை, ஊரையே பிரதமர் விளக்கேற்றச் சொன்ன நாள். ஏற்றச் சொன்னது விளக்கைத்தான். எங்கள் தெருவில் வெடியும் வைத்தார்கள். என் ஜாடி அந்தச் சத்தத்தில் கலந்து வெடித்தது. எதிர்வீட்டுக்காரர் மாடியைப் பார்த்து, "உங்க வெடிதான் சார் டாப்பு," என்று கைதட்டினார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மறுபடியும் ஆப்பிள். இந்த முறை தண்ணீர் கேன், அதன் வாயில் ஊசியால் குத்திய பலூன். காற்று வெளியேறும், பூச்சி உள்ளே போகாது. மத்தியானத்துக்குள் பலூன் எழுந்து நின்றது. நான்கு முறை போய்ப் பார்த்தேன். நான்காவது முறை போனதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கேழ்வரகை முளைகட்டி, காய்ச்சி, பியர் முயற்சி. கூழ் வந்தது. தென்னைக்கு ஊற்றினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காரை மறுபடியும் கழுவினேன். பெட்டி காலி.

காலையில் மாப்பிள்ளை காபி வேண்டாம் என்றார். பத்து மணிக்கு அவருடைய மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைத்திருந்தார். முகம் ஈரமாக இருந்தது. மங்கை ஃபேனை வேகமாக வைத்துவிட்டுப் போனாள்.

ஆப்பிளுக்கு ஐந்து நாள்தான் ஆகியிருக்கிறது. கலங்கலாக, ஈஸ்ட் வாடையோடு இருந்தது. பரவாயில்லை என்று இஞ்சி தட்டிப்போட்டு, வெள்ளிச் சொம்பில் ஊற்றி, அவர் மேசையில் வைத்தேன்.

"கஷாயம் மாப்பிள்ளை. இந்த நோய்க்கு நல்லதுன்னு எல்லாரும் குடிக்கிறாங்க."

ஒரு வாய் குடித்தார். சொம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். இரண்டாவது வாயில் சொம்பு காலி.

"இஞ்சி கொஞ்சம் தூக்கல் மாமா," என்றார்.

"நாளைக்குக் குறைச்சுக்கலாம்."

அரை மணியில் கேமராவைப் போட்டுவிட்டார்.

இன்றே சிறுமலைத் தேன் வாங்கிவந்து அடுத்த கேனில் ஊறப்போட்டேன். தேனில் செய்வது உயர்ந்த வகை என்கிறார்கள். மெதுவாகத் தெளியும். அவசரப்படுத்தக் கூடாது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம், கஷாயம். இப்போது காலையும் மாலையும் ஒரு பெரிய சொம்பு. மாப்பிள்ளை காபி டம்ளரை ஒரு கையால் பிடிக்கிறார். மங்கையின் கால்வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அவள் கூச்சப்பட்டுச் சிரித்தது சமையலறை வரை கேட்டது.

சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லணும்னு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை."

"இல்ல மாமா, ரொம்ப நாளா... குழந்தை வர்றதுக்குள்ள இதை..."

"சளி விட்டுச்சா இல்லையா?"

அவர் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"விட்டுக்கிட்டு வருது மாமா," என்றார்.

"அப்புறம் என்ன?"

மரியாதையான உரையாடல். யாருக்கும் சங்கடம் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒரு பங்கு தண்ணீர் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். படிப்படியாக மதுவிலக்கு என்று எல்லாக் கட்சிகளும் மேடையில் சொல்லிக்கொண்டிருக்க, ஒரே ஒரு வீட்டில் அது அமலுக்கு வந்திருக்கிறது. இந்த வேகத்தில் போனால் பிரசவத்துக்கு முன் வெறும் இஞ்சித் தண்ணீரில் வந்து நிற்கும். அவசரம் இல்லை. குறைப்பதில் அவசரம் கூடாது என்றுதான் படித்தேன்.

தேன் அருமையாக வருகிறது. இரண்டு விரல் உயரத்துக்கு மேலே தெளிந்திருக்கிறது. நான் இன்றுவரை ஒரு சொட்டும் சுவைத்ததில்லை, இனியும் சுவைக்கப்போவதில்லை. கண்ணுக்கே தெரிகிறது. வெயிலில் தூக்கிப் பார்த்தால் பொன்.

ஏப்ரல் 22, புதன்

வளைகாப்பை எட்டாம் மாதத்துக்குத் தள்ளக் கூடாது என்று திருநெல்வேலியிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். வருகிற திங்கள் நல்ல நாள். அவர்களால் வர முடியாது, வீடியோவில் இருப்பார்கள். தெருவிலிருந்து ஐந்து பெண்கள் மாஸ்க் போட்டு வருவார்கள். மங்கைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்திருக்கிறது. அம்மா இல்லாத குறை தெரியக் கூடாது. வீட்டைக் கழுவி ஒழுங்குபடுத்த வேண்டும்.

ஏப்ரல் 25, சனி

வீடு கழுவினோம். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் ஊறல் இருக்கக் கூடாது. மாடி அறையில்தான் மங்கையின் அம்மா படம் இருக்கிறது. பெண்கள் கும்பிட ஏறுவார்கள். மிச்சமிருந்த ஆப்பிளைச் சாக்கடையில் ஊற்றினேன். தேன் கேனை மட்டும் ஈரச்சாக்கு சுற்றி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். அதை ஊற்ற மனம் வரவில்லை.

மாலைச் சொம்பு கிடையாது. மாப்பிள்ளையிடம் காரணம் சொல்லவில்லை. எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வர இடம் விடவில்லை. இவர் அப்படிச் செய்பவர் இல்லை.

"மாமா, கஷாயம் ஏதாச்சும்..."

"நாளைக்கு விசேஷம் முடியட்டும் மாப்பிள்ளை."

"கொஞ்சமா இருந்தாக்கூடப் போதும் மாமா. தொட்டி பக்கத்துல ஒண்ணு இருக்குல்ல?"

அவர் பார்த்திருக்கிறார்.

"அது இன்னும் தெளியல மாப்பிள்ளை. அடியெல்லாம் கலங்கிடும். இன்னும் மூணு வாரம் விட்டா எப்படி இருக்கும் தெரியுமா?"

"கலங்கலா இருந்தாலும் பரவால்ல மாமா."

"ரெண்டு நாள்தானே," என்றேன்.

சரி என்று தலையாட்டினார். எழுந்து வழிவிட்டார். எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை. மங்கைக்கு இவரைப் பார்த்து முடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் 27, திங்கள்

வளைகாப்பு நன்றாக நடந்தது. சித்திரான்னம் ஐந்து வகை. சம்பந்தியம்மா வீடியோவில் அழுதார், சம்பந்தி பின்னால் நின்றுகொண்டு வலைத் தொடர்பைத் திட்டினார். மாப்பிள்ளை பட்டு வேட்டி முழுக்க வியர்த்து நின்றார்.

"நீங்களும் ஒரு வளையல் போட்டு விடுங்க தம்பி, ஆசையா இருக்கும்ல," என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னார். அவர் ஒரு பச்சை வளையலை எடுத்தார். மங்கையின் மணிக்கட்டில் ஏற்றும்போது கை ஆடி அது உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. ஒரு சின்னக் கீறல், ஒரு பொட்டு ரத்தம்.

"கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்," என்றார் எதிர்வீட்டு அம்மாள், தன்னுடைய ஐடியாவைத் தானே காப்பாற்றிக்கொள்ள. மங்கை மாப்பிள்ளையின் கையைத் தன் முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள். போட்டோவில் அது அந்நியோன்னியமாகத் தெரியும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

விடிந்ததும் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று மாப்பிள்ளை துடைத்துக்கொண்டிருந்தார். சுவர் சுத்தமாக இருந்தது. போன வாரம்தான் வெள்ளையடிக்காத குறையாகக் கழுவியிருந்தேன். பல் தேய்க்கப் போனவர் வலிப்பு வந்து விழுந்தார்.

ஆம்புலன்ஸ். பக்கத்து வீடுகளில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இருந்ததால் தனி வார்டு. உடை, கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு இளம் டாக்டர் வாசலுக்கு வந்தார். வயதைக் கேட்டார். சர்க்கரை, பிரஷர், தலையில் அடி, முன்பு வலிப்பு, எல்லாம் கேட்டார். உண்மையான பதில்களைச் சொன்னேன்.

"குடிப்பழக்கம் உண்டா?"

எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் எங்கள் தெருப் பால்காரர். மங்கை என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"நல்ல குடும்பம் டாக்டர்," என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. நல்ல குடும்பம்தான்.

ஏப்ரல் 30, வியாழன்

கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. மகிழ்ச்சியான செய்தி. எதிர்வீட்டில் ஜன்னலை மூடினார்கள்.

மாப்பிள்ளையைக் கட்டிலோடு கட்டிவைத்திருக்கிறார்களாம். யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம். எங்களை உள்ளே விடவில்லை. மத்தியானம் அந்த டாக்டர் போன் செய்தார். மங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், மூளைக் காய்ச்சல்னு நெனச்சுத்தான் மருந்து போகுது. ஆனா எனக்கு ஒண்ணு சரியாப் படல. அதான் இன்னொரு தடவை கேக்குறேன். ஆல்கஹால் ஏதாவது? எப்பவாச்சும்? தெரிஞ்சா ட்ரீட்மென்ட் வேற சார்."

மங்கை என்னைப் பார்த்தாள். நான் மங்கையைப் பார்த்தேன். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

"ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?"

மேசையில் வளைகாப்புப் பூ காய்ந்து கிடந்தது. அதை எடுத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி சார். இல்லைன்னு போட்டுக்கிறேன்," என்று டாக்டர் வைத்துவிட்டார்.

மே 2, சனி

மாப்பிள்ளை காலையில் இறந்துவிட்டார்.

மே 4, திங்கள்

இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பதால் காரியங்கள் சுருக்கமாக முடிந்தன. சம்பந்தி வீட்டாருக்கு இ-பாஸ் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு மூன்றாவது முறை கிடைத்தது. அதற்குள் மின்மயானத்தில் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. மகனைச் சாம்பலாகத்தான் பார்த்தார்கள். இங்கேயே தங்கியிருக்கிறார்கள். சான்றிதழில் மூளைக் காய்ச்சல் என்று இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை.

மே 7, வியாழன்

மதுக்கடைகளைத் திறந்துவிட்டார்கள். தெருமுனையில் பட்டாசு வெடித்தார்கள். வட்டம் போட்டு, குடை பிடித்து, ஒழுங்காக நிற்கிறார்கள். ரேஷன் கடையில் இத்தனை ஒழுங்கைப் பார்த்ததில்லை.

மங்கை சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்தாள். கடைசி ஆள் வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மே 9, சனி

கோர்ட் உத்தரவில் கடைகளை மறுபடியும் மூடிவிட்டார்கள்.

மங்கை சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் பேசினாள்.

"ரொட்டி ஒரு தடவதான் செஞ்சீங்க. ஈஸ்ட்டு மட்டும் மூணு தடவ வாங்குனீங்க."

நான் டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அந்த வாசனை தெரியாதாப்பா? நாலு வருஷமா பக்கத்துல படுக்கிறேன். நீங்க குடுத்தப்புறம்தான் நிம்மதியாத் தூங்குனாரு. கடவுளா பார்த்து எங்கப்பாவுக்குப் புத்தி குடுத்துச்சுன்னு நெனச்சேன்."

"கீரையில பூச்சி இருக்கா பாரு."

"நீங்க கலால்ல இருந்தவரு. ஆஸ்பத்திரியில நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நான் சொன்னா, இவ புருஷனைக் காட்டிக் குடுத்தான்னு ஆகும்ல. நீங்க சொல்லுவீங்கன்னுதான்பா நின்னேன்."

நீ சொல்லுவாய் என்றுதான் நானும் நின்றேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிப் பயனில்லை. மேலும், அது உண்மையா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

கீரையில் பூச்சி இல்லை.

மே 16, சனி

மேல் கோர்ட் உத்தரவில் கடைகளை மறுபடியும் திறந்துவிட்டார்கள். சம்பந்தி மத்தியானம் குடையோடு வெளியே போனார். நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மூன்று மணி நேர நடை. கால் வலிக்கு நல்லது.

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தேன் முழுக்கத் தெளிந்துவிட்டது. அடியில் ஒரு விரல் வண்டல், அதற்கு மேல் கேனின் அந்தப் பக்கத்துச் சுவர் வரை தெரிகிறது. முதல் முயற்சிக்கு இது பெரிய வெற்றி.

மே 17, ஞாயிறு

பதினாறாம் நாள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன் இலை போட்டு வைக்க வேண்டும். சம்பந்தியம்மா உளுந்து வடையும் சீனி அவரைக்காய்ப் பொரியலும் வைத்தார். மங்கை அவருடைய காபி டம்ளரை வைத்தாள். ஹாலில் உறவினர் பத்துப் பேர், தள்ளித் தள்ளி.

கற்பூரம் ஏற்றப் போகும்போது சம்பந்தி, "ஒரு நிமிசம்," என்றார். மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார். காரின் டிக்கியில் நான் பார்த்த அதே பிராந்தி. இலையின் ஓரத்தில் வைத்தார். வைத்த பிறகு யாரையும் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தே பேசினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டு. சொன்னாப் பொண்ணு குடுக்க மாட்டியன்னு சொல்லல. கல்யாணமானா சரியாயிரும்னு இருந்துட்டோம். மன்னிச்சிருங்க சம்பந்தி. உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிப்போச்சு."

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். உறவினர்கள் விட்டத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

மங்கை எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நிறைய நேரம் ஆயிற்று. யாரையாவது அனுப்பலாமா என்று சம்பந்தியம்மா கேட்டார். மங்கை வெள்ளிச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பாட்டிலுக்குப் பக்கத்தில், இலையின் மேல் வைத்தாள். தேன் துளியும் கலங்கவில்லை. சொம்பின் உள்ளே அடியில் பொறித்திருந்த அவள் அம்மாவின் பெயரை மேலிருந்தே படிக்க முடிந்தது.

"இது என்னம்மா?" என்றார் சம்பந்தி.

"கஷாயம் மாமா. அப்பா போட்டது. அவருக்கு இதுதான் ஒத்துக்கிட்டுது."

சம்பந்தி குனிந்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எதிர்பாராத ஒரு வெளிச்சம் இருந்தது. இத்தனை நாளாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது போல.

"அப்ப உங்களுக்கும் தெரியுமா சம்பந்தி?" என்றார். என் கையைப் பிடித்தார். "நல்லவேளை. நாங்க சொல்லாம வச்சு அவன் உசிருக்கு ஏதும் ஆயிப்போச்சோன்னு பதினஞ்சு நாளாத் தூக்கம் இல்ல. அப்ப ஆஸ்பத்திரியில டாக்டர்ட்ட நீங்க சொல்லியிருப்பியள்லா?"

மங்கை என்னைப் பார்த்தாள். நான் மங்கையைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இலை இருந்தது.

சம்பந்தி காத்திருந்தார். கற்பூரம் எரிந்து முடிந்தது. பிறகு என் கையை விட்டுவிட்டு, அந்த டாக்டரைப் போலவே, "சரி," என்றார்.